ஒப்புக்குச் சப்பாணியா, அழுகுணி ஆட்டமா? ராண்டம் ஸ்க்வாடைச் சமாளிக்கும் முறை

தெருவில் ரப்பர் பந்து கிரிக்கெட்டுக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் கேட்சை விட்டால் யாரும் கோபப்படுவதில்லை. தான் அவுட் ஆனதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் வேறு ரகம். அவன் ஆடுவது அழுகுணி ஆட்டம். மறுநாள் அவனைக் கூப்பிட மாட்டார்கள். நேரில் இந்த இருவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வேலரண்ட் போன்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்களில் முகம் தெரியாத ராண்டம் ஆட்களோடு ஒரே ஸ்க்வாடில், அதாவது அணியில், சேரும்போது மட்டும் இருவரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். இருவருமே சொன்னதைக் கேட்பதில்லை, இருவராலும் தோற்கிறோம். கத்துக்குட்டியைத் திட்டினால் அவர் மைக்கை அணைத்துவிட்டு இன்னும் மோசமாக ஆடுவார். அழுகுணிக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்தால் உங்கள் தொண்டைத் தண்ணிதான் வற்றும். எனவே வந்திருப்பவர் எந்த ரகம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இறங்கிய இரண்டு நிமிடத்தில்

லாபியில் (மேட்ச் தொடங்கும் முன் காத்திருக்கும் திரையில்) தெரியும் உடை, துப்பாக்கி ஸ்கின், ரேங்க் எதையும் நம்ப வேண்டாம். அண்ணன் ஐடியில் தம்பி ஆடுவது சர்வ சாதாரணம். டயமண்ட் ரேங்க் அண்ணனுடையது, கை தம்பியுடையது. தரையிறங்கிய பிறகு நடப்பதைப் பாருங்கள். புதியவர் வெட்டவெளியில் நின்றபடியே பையைத் திறந்து பொருள் அடுக்குவார். ஷாட்கனால் 100 மீட்டருக்கு அப்பால் இருப்பவரைச் சுடுவார். சத்தம் கேட்டால் சத்தம் வந்த பக்கமே ஓடுவார், இல்லையென்றால் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வெளியே வரவே மாட்டார். நீங்கள் நாக் ஆனால் (அடிபட்டு விழுந்தால்) தூக்கிவிட நேராக ஓடிவந்து தானும் விழுவார். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள்: ஓடிவந்தவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, ஸ்மோக் (புகைக்குண்டு) போடத் தெரியவில்லை.

அழுகுணிக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். அதனால்தான் தொல்லை. உங்கள் காலடியில் சுடுவார், வாசலை அடைத்து நிற்பார், நீங்கள் மார்க் பண்ணிய ஸ்கோப்பை ஓடிவந்து எடுப்பார், மூன்று பேர் வண்டியை நோக்கி ஓடும்போது தனியாக ஏறிக் கிளம்புவார். இதெல்லாம் தற்செயலாக ஒரு முறை நடக்கலாம். இரண்டு நிமிடத்தில் மூன்று முறை நடந்தால் தற்செயல் இல்லை.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. ஆள் சுவரில் முட்டிக்கொண்டே ஓடுவார், திடீரெனப் பத்தடி பின்னால் தோன்றுவார், பேச்சு துண்டு துண்டாக வரும். இவரைத் திட்டிப் பயனில்லை, குற்றம் நெட்வொர்க்குடையது.

பிங், மலை, மழை

வேலரண்ட் ஆடுகிறவர்களுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அப்படியென்றால் போய்வர எப்படியும் 10 மில்லி செகண்ட் ஆகும். இந்தப் போய்வரும் நேரம்தான் பிங். திரையில் அதற்கு மேல் காட்டும் எண்ணெல்லாம் வழியில் சேர்ந்தது: சுற்றிப் போகும் கேபிள், டவர் நெரிசல், வீட்டு வைஃபை. இந்த மூன்றில் கடைசி மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள், வீட்டில் யாராவது பெரிய ஃபைல் இறக்கிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு ரேங்க் மேட்ச் தொடங்குங்கள். பிங் 60க்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண் பெரிதாக இருப்பதைவிடத் துள்ளுவதுதான் மோசம். அசையாமல் 90 காட்டும் இணைப்பு, 40க்கும் 200க்கும் இடையே குதிக்கும் இணைப்பைவிட மேல். துள்ளுகிற நாளில் முன்வரிசையை விட்டுவிடுங்கள். ஸ்மோக் போடுவது, விழுந்தவரைத் தூக்குவது, பின்பக்கம் பார்ப்பது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறினால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு மலை மறைக்க, போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைத் தேடும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் ரேங்க் மேட்ச் போட்டால் மற்ற மூன்று பேரின் அரை மணி நேரமும் சேர்ந்து வீணாகும். மேலே வசிப்பவர்களுக்கு மே மாதக் கோடை விழாவும் சனி, ஞாயிறு கூட்டமும் டவரை நிரப்பிவிடும். அந்த நாட்களில் காலை நேரம் பரவாயில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஃபேன் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும், ஏனென்றால் பல வீடுகளில் ரவுட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. அதை ஒரு முறை மாற்றிவிட்டால் ஏ.எஃப்.கே. (ஆட்டத்தின் நடுவில் ஆளைக் காணோம்) என்ற கெட்ட பெயர் பாதி போய்விடும். லாபியிலேயே "மலையில இருக்கேன் ப்ரோ, சிக்னல் போய் வரும்" என்று சொல்லிவிடுங்கள். எந்த மலை என்று சொல்ல வேண்டியதில்லை. காரணம் கடைசிப் பகுதியில்.

கத்துக்குட்டியோடு ஆடும்போது

இறங்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். பிஜிஎம்ஐயின் எராங்கல் மேப்பில் போச்சிங்கி, ஸ்கூல், மிலிட்டரி பேஸ் மூன்றும் வேண்டாம். துப்பாக்கி கிடைக்கும் முன்பே சண்டை வரும் இடங்கள் அவை. அங்கே புதியவர் கற்றுக்கொள்வது லாபிக்குத் திரும்புவதை மட்டுமே. விமானப் பாதையிலிருந்து தள்ளி, நான்கைந்து வீடுகள் ஒட்டி இருக்கும் இடமாக மார்க் பண்ணி, ஃபாலோ தட்டச் சொல்லுங்கள். இறங்கியதும் ஆளுக்கு ஒரு வீடு, ஒருவருக்கொருவர் 50 மீட்டருக்குள். அதற்கு மேல் விலகினால் ஒருவர் நாக் ஆகும்போது மற்றவர் வந்துசேர்வதற்குள் கதை முடிந்திருக்கும்.

அடுத்தது பை. புதியவர்களின் பை எப்போதும் நிறைந்திருக்கும், வேண்டியது ஒன்றும் இருக்காது. கையில் 5.56 துப்பாக்கி, பையில் 7.62 குண்டு 200. எம்416 துப்பாக்கி கிடைத்தால் அதையே கொடுங்கள், மேலே ரெட் டாட் ஸ்கோப், 5.56 குண்டு 150 போதும். ஏ.கே.எம். துப்பாக்கி வேண்டாம், அடி பெரிது, துள்ளலும் பெரிது, பழகாத கையில் மூன்றாவது குண்டு வானத்துக்குப் போகும். ஃபர்ஸ்ட் எய்ட் மூன்று, எனர்ஜி டிரிங்க் நான்கு, ஸ்மோக் மூன்று. ஸ்மோக் எடுக்க வைப்பதுதான் பெரும்பாடு. வெடிக்காத பொருளைச் சுமப்பது அவர்களுக்குத் தண்டமாகத் தெரியும்.

ஃபர்ஸ்ட் எய்ட் ஹெல்த்தை 75 வரைதான் ஏற்றும், அதற்கு மேல் எனர்ஜி டிரிங்க்கோ பெயின் கில்லரோ வேண்டும். இது தெரியாமல் 75ல் நின்றுகொண்டு அடுத்த ஃபர்ஸ்ட் எய்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. ஃபர்ஸ்ட் எய்ட் போடச் சுமார் 6 நொடி ஆகும். அந்த 6 நொடிக்குச் சுவரோ பாறையோ மறைவாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தூக்கிவிடும் முறையை மட்டும் சற்று நிதானமாகச் சொல்லித்தர வேண்டும், பெரும்பாலான ஸ்க்வாட் அழிவது அங்கேதான். விழுந்தவர் தவழ முடியும். பலருக்கு அதுவே தெரியாது, விழுந்த இடத்திலேயே "ரிவைவ், ரிவைவ்" என்று கத்துவார்கள். முதலில் அவரைச் சுவர்ப் பக்கம் தவழச் சொல்லுங்கள். பிறகு ஸ்மோக். அதை விழுந்தவர் தலைமேல் போடுவதைவிட அவருக்கும் எதிரிக்கும் நடுவில் போடுவது மேல். எதிரியின் பார்வைக் கோடுதான் மறைய வேண்டும். கையில் இன்னொன்று இருந்தால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிச் சும்மா போடுங்கள், எந்தப் புகைக்குள் ஆள் இருக்கிறார் என்று எதிரிக்குக் குழப்பம் வரும். புகை அடர்த்தியாக மூடச் சில நொடி பிடிக்கும். போட்ட உடனே ஓடாதீர்கள். தூக்கிய பிறகு ஹெல்த் அடிமட்டத்தில் இருக்கும், புகை கலைவதற்குள் இருவரும் மறைவுக்குப் போய்விட வேண்டும். ஒருவரே இரண்டாம் முறை விழுந்தால் ஹெல்த் இன்னும் வேகமாக இறங்கும், அப்போது யோசிக்க நேரம் கிடைக்காது. ஸ்மோக்கும் இல்லை, மறைவும் இல்லை என்றால் தூக்கவே போகாதீர்கள். ஒருவர் விழுந்தால் மூவர் மிச்சம். ஓடிப்போனவரும் விழுந்தால் இருவர்தான்.

புதியவர் முழுதாகச் செத்ததும் லாபிக்குப் போய்விடுவார். ரீகால் வசதி உள்ள மேப்பில் அவரைத் திரும்ப வரவழைக்கலாம் என்று தெரிந்தால் போக மாட்டார். விமானத்தில் இருக்கும்போதே ஒரு வரி சொல்லிவையுங்கள்.

ஒரு மேட்சுக்கு ஒரு பாடம், அதுவும் சாவதற்கு முன்னால். செத்த பிறகு "அங்க ஏன்டா போன?" என்பது பாடமில்லை, ஒப்பாரி. கை பழக வேண்டுமென்றால் கிளாசிக் மேட்ச் சரியான இடமே அல்ல. எராங்கலில் அரை மணி நேரம் ஆடி இரண்டே சண்டை கிடைக்கலாம். வேர்ஹவுஸ் மேப்பில் டி.டி.எம். (டீம் டெத்மேட்ச்) என்ற சின்ன ஆட்டம் உண்டு. அதில் நாலுக்கு நாலு, முதலில் 40 எடுக்கும் அணி வெல்லும், செத்தால் உடனே திரும்பி வரலாம். பத்து நிமிடத்துக்குள் டஜன் சண்டை. அதற்கு முன் டிரெய்னிங் கிரவுண்டில் எம்416ஐ வைத்து 50 மீட்டர் இலக்கில் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, திரையைக் கீழே இழுக்கும் அளவைப் பழகட்டும். யாரோ சொன்ன சென்சிட்டிவிட்டி (விரல் அசைவுக்குத் திரை எவ்வளவு திரும்பும் என்ற) எண்ணை அப்படியே போட்டுக்கொள்வது பெரும்பாலும் கெடுதல். போன் மாறினால் அளவும் மாறும்.

ஃப்ரீ ஃபயர் கிளாஷ் ஸ்க்வாடில் புதியவரின் முத்திரைத் தவறு வேறு: பயத்தில் க்ளூ வாலை (எறிந்ததும் எழும் மறைப்புச் சுவரை) தன் ஆள் மூஞ்சிக்கு நேராக எழுப்பிவிடுவார். முதலில் நான்கு ரவுண்டு எடுப்பவர் வெல்லும் ஆட்டம் என்பதால் ஒரு தவறான சுவருக்குக் கால் பங்கு விலை. முன்னால் போகிறவரின் தோளைத் தாண்டிப் போடு என்று மட்டும் சொல்லுங்கள்.

"அங்க" என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

"அங்க அங்க! அடிக்கிறான்!" என்பதைக் கேட்டு இதுவரை யாரும் பிழைத்ததில்லை. திரை மேலே திசை எண் ஓடுகிறது, அதைப் படியுங்கள். எண், எத்தனை பேர், எந்த மறைவு, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். "245, ரெண்டு பேர், மஞ்ச வீட்டு மாடி, நான் இங்கயே நிக்கறேன்." மூன்று நொடியில் முடிந்துவிடும். நாக் ஆனதும் உங்கள் வாயில் முதலில் வர வேண்டியதும் எண்தான், வசவு இல்லை.

வடநாட்டு ராண்டம் வந்தால் இந்த எண் பழக்கம் இன்னும் கைகொடுக்கும். ஆகே என்றால் முன்னால், பீச்சே என்றால் பின்னால், ருக்கோ என்றால் நில். இந்த மூன்று போதும். இடம் வலம் மட்டும் இந்தியில் கேட்டு நம்ப வேண்டாம். தாயேன் வலது, பாயேன் இடது, சண்டைச் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும்.

மைக்கைத் திறந்தே வைக்காமல் பேசும்போது மட்டும் அழுத்துங்கள். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைச் சத்தம், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்க மைக் செட். நமக்குப் பழகிப்போனதால் காதில் விழாது, மற்ற மூன்று பேருக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்காமல் போகும். நடுவில் அம்மா கூப்பிட்டால் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஜோனுக்குள் (பாதுகாப்பான வட்டத்துக்குள்) இருக்கும் வீட்டின் மூலையில் படுத்துவிட்டுப் போங்கள். நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கூப்பிடும் விதத்திலும் கவனம் தேவை. முன்பின் தெரியாதவரை எடுத்த எடுப்பில் "டா" போட்டால் பாதி சண்டை அங்கேயே பிறக்கும். குரல் பெரியவராகத் தெரிந்தால் "அண்ணா", மற்றவர்களுக்கு "ப்ரோ". சின்னப் பையன் குரல் கேட்டால் "தம்பி". பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பிஜிஎம்ஐயில் நாளைக்கு 3 மணி நேர வரம்பு உண்டு, எனவே தம்பியிடம் நேரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே மேட்ச் போடுங்கள்.

வேலரண்ட்டில் பணக் கணக்கு

ஐந்து பேர் அணியில் புதியவர் செய்யும் சேதம் சுடுவதில் இல்லை, கடையில். பாதியின் முதல் ரவுண்டில் 800 கிரெடிட். வேண்டல், ஃபேண்டம் ரைஃபிள்கள் ஒவ்வொன்றும் 2900, கனமான கவசம் 1000, ஆக முழுசாக வாங்க 3900. ரவுண்டு வென்றால் 3000 வரும், தோற்றால் 1900, தொடர்ந்து தோற்றால் 2400, பிறகு 2900. கையில் 2000 இருக்கும்போது மற்ற நால்வரும் சேமிக்க, புதியவர் மட்டும் 1600க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கினால் அந்த ரவுண்டும் போகும், அடுத்த ரவுண்டில் நால்வர் முழுத் துப்பாக்கியோடு நிற்க அவரிடம் முழுசாக வாங்கப் பணம் இருக்காது. "இந்த ரவுண்டு சேவ்" என்று வாங்கும் நேரம் தொடங்கியதுமே சொல்லுங்கள். பணம் மிஞ்சியவர் இல்லாதவருக்கு வாங்கிக்கொடுக்கலாம் என்பதையும் காட்டிவிடுங்கள்.

ஸ்பைக் (வெடிகுண்டு) வைத்தபின் வெடிக்க 45 நொடி, செயலிழக்கச் செய்ய 7 நொடி. 3.5 நொடியைத் தாண்டினால் பாதி வேலை அப்படியே நிற்கும், திரும்பி வந்து மீதியை முடிக்கலாம். மூன்றாவது நொடியில் பயந்து கையை எடுப்பவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பாதி தாண்டும் ஒலியைக் காதில் வாங்கப் பழக வேண்டும்.

ஒருவர் மட்டும் உயிரோடு நின்று ஆடும்போது செத்த நால்வரும் வாயை மூடியிருப்பது எழுதாத சட்டம். தெரிந்த இடத்தை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேமிங் சென்டரில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்; ஆடுகிறவர் ஹெட்செட் மாட்டியிருந்தாலும் உங்கள் குரல் கேட்கும்.

அழுகுணிக்கு

மியூட் பண்ணுங்கள், அறிவிக்காமல். "உன்ன மியூட் பண்றேன்" என்று சொல்வதே அவருக்குத் தீனி. குரலை மட்டும் அணைத்து, மேப் மார்க்கை விட்டுவைத்தால் அவர் பார்த்த எதிரி உங்களுக்கும் தெரிவான். அவர் கையில் கிரெனேடும் மோலோடோவும் இருக்கும்வரை ஒரே அறையில் நிற்காதீர்கள். அவர் எடுத்துப் போன பொருளைத் துரத்தாதீர்கள். ஓர் 8எக்ஸ் ஸ்கோப்புக்காகத் திறந்த வெளியில் இருவர் மல்லுக்கு நிற்பதைப் போல எதிரிக்கு லேசான வேட்டை வேறில்லை.

பழிவாங்க நீங்களும் அவரைத் தாக்கினாலோ பாதியில் வெளியேறினாலோ உங்கள் மெரிட் (நன்னடத்தை) புள்ளிதான் குறையும். தோல்வி உறுதியானாலும் முடித்துவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட் போடும்போது வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கெட்ட வார்த்தை பேசியவரை ஹேக்கர் என்று போட்டால், ஆராய்பவர்கள் அவர் குறிவைத்துச் சுடும் விதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். போனிலேயே உள்ள ஸ்கிரீன் ரெக்கார்டரில் ஒரு நிமிடம் பிடித்துவையுங்கள், புரொஃபைலில் உள்ள ஐடி எண்ணை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிக்கொள்ளலாம், எண்ணை மாற்ற முடியாது. ஆட்டத்தில் தோற்ற கோபத்துக்கு ரிப்போர்ட் போடாதீர்கள். கத்துக்குட்டியாக இருப்பது குற்றமில்லை.

அழுகுணி உங்கள் மாமன் மகனாகவோ கல்லூரி நண்பனாகவோ இருந்தால் பிளாக் பொத்தான் உதவாது. மேட்ச் நடுவில் அவரைத் திருத்த முயல வேண்டாம். மறுநாள் தட்டுவடை செட்டு சாப்பிடும்போது சொல்லுங்கள்: "மாப்ள, நீ செத்ததும் கத்தறதுல எனக்குக் காலடிச் சத்தம் கேக்கல." குணத்தைப் பற்றிப் பேசாமல் ஒரே ஒரு செயலைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள். அணியை வழிநடத்தும் பொறுப்பை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லை மீறினால்

பெண் குரல் கேட்டதும் ஆட்டத்தை மறந்து பேச்சை வேறு பக்கம் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்தப் பெண்ணே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அணியில் இருக்கும் மற்றவர் "கேம் பேசுங்க ப்ரோ" என்று ஒரே வரி சொல்லிவிட்டு மியூட்டும் ரிப்போர்ட்டும் செய்ய வேண்டும். சாதியை இழுத்துப் பேசுபவருக்கு அந்த ஒரு வரியும் தேவையில்லை, நேராக ரிப்போர்ட்.

ஊர் பெயர் கேட்டால் தமிழ்நாடு என்பதோடு நிறுத்துங்கள். சேலம் பெரிய ஊர் போலத் தெரியும், ஆனால் "அஞ்சு ரோட்டுல எங்க? எந்தக் காலேஜ்?" என்ற இரண்டே கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம். "நேர்ல வா" என்பவருக்கு இடமும் நேரமும் சொல்வது வீரமில்லை.

யூ.சி. (பிஜிஎம்ஐக்குள் செலவழிக்கும் காசு) இலவசமாகத் தருகிறேன், ஐடியும் ஓடிபியும் அனுப்பு என்று வருவது எப்போதுமே திருட்டு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். மிரட்டல், படம் கேட்டுத் தொல்லை என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். ரெக்கார்டிங், ஐடி எண், தேதி, நேரம் நான்கையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள், சாட்டை அழித்துவிடாதீர்கள். சிறுவர்கள் சிக்கியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

மேட்ச் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. எண் சொல்லிப் பேசியவர், ஸ்மோக் போட்டுத் தூக்கியவர், தோற்றும் கத்தாதவர் யாராவது இருந்தால் அந்தத் திரையிலேயே ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். நான்கு பேர் ஸ்க்வாடுக்கு ஏழெட்டுப் பேர் பட்டியலில் இருந்தால்தான் இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேராவது பச்சை விளக்கோடு இருப்பார்கள்.